ஃபோர்மிகாவா, சாவாவா? நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு எந்த மிட்ஃபீல்டரைப் போட்டுக் காட்டணும்?

வண்ணார்பேட்டை ஆறு

மிட்ஃபீல்டு, அதாவது நடுக்களத்துல ஆடுத பொம்பளப் பிள்ளைக்கு யாரோட ஆட்டத்தைக் காட்டணும்னு கேட்டா இப்ப எல்லாரும் அய்டானா பொன்மாட்டி பேரைத்தான் சொல்லுதாங்க. 2023, 2024, 2025-ன்னு வரிசையா மூணு பாலோன் தோர் (வருசத்துச் சிறந்த ஆட்டக்காரி விருது) வாங்குனவ. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அவ பார்சிலோனா கிளப்புல சின்னதுலருந்து வளந்தவ. பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர்ல செம்மண்ணுல ஆடுத பிள்ளைக்கு நான் காட்டச் சொல்லுதது பிரேசில் ஃபோர்மிகா. காரணத்தையும் சொல்லிடுதேன், பொறவு சண்டைக்கு வாங்க.

1978 மார்ச்சுல பாஹியா மாநிலம் சால்வடோர்ல பிறந்தவ. அன்னைக்கு பிரேசில்ல பொம்பளைங்க கால்பந்து ஆடவே சட்டப்படி தடை. 1941-ல போட்டது, 1979-லதான் எடுத்தாங்க. தடை இருந்த காலத்துல பிறந்த பிள்ள 17 வயசுல 1995 உலகக் கோப்பை ஆடுதா. அதுலருந்து 2019 வரை ஏழு உலகக் கோப்பை. ஒலிம்பிக்ல பெண்கள் கால்பந்தைச் சேத்ததே 1996 அட்லாண்டாவுலதான். அன்னைலருந்து டோக்கியோ வரைக்கும் ஒண்ணு விடாம ஆடுனா, அதுவும் ஏழு. 2004, 2008 ரெண்டுலயும் வெள்ளி. 2007 உலகக் கோப்பையில ரெண்டாம் இடம். ஃபோர்மிகான்னா அவுங்க பாஷையில எறும்பு. தனக்குன்னு பாக்காம கூட்டத்துக்கு உழைக்குதான்னு வச்ச பட்டப்பேரு.

அவ பிரேசில் சட்டையில ஆடுன கடைசி ஆட்டம் நம்ம இந்தியாவுக்கு எதிராத்தான். 2021 நவம்பர் 25, மனாவுஸ். 6-1-ன்னு தோத்தோம். எட்டாவது நிமிசம் மனிஷா கல்யாண் கோல் போட்டு 1-1 ஆக்குனதை யாரும் மறந்துறாதீங்க.

இப்ப விசயத்துக்கு வாரேன். 2015 உலகக் கோப்பை, மான்ட்ரியல், தென்கொரியா ஆட்டம். 33-ஆவது நிமிசம் கொரியா டிஃபென்டர் கீப்பருக்குத் திருப்பித் தட்டுன பந்து பலமில்லாம உருளுது. அதை முதல்ல மோப்பம் புடிச்சது 37 வயசு ஃபோர்மிகா. கால் கிளம்புறதுக்கு முன்ன கண்ணு கிளம்பிட்டு. பந்தை வாங்கி உள்ள போட்டா. உலகக் கோப்பையில கோல் போட்ட பெண்கள்ல அன்னைக்கு அவதான் வயசுல மூத்தவ.

இதுக்குப் பெரிய வேகம் வேண்டாம், புல்தரை வேண்டாம், வெளிநாட்டு கோச் வேண்டாம். எங்க நிக்கணும், பந்து எங்க போகப்போகுதுன்னு தெரிஞ்சா போதும். சொல்லிக் குடுக்க முடிஞ்ச வித்தை இது.

தாழையூத்து கேலரி

அண்ணாச்சி, நீங்க சொல்லுத கணக்கு எல்லாம் சரி. ஆனா எத்தனை வருசம் ஆடுனாங்கிறதை வச்சு மிட்ஃபீல்டரை அளக்காதீய. அதே 1978-ல பிறந்த இன்னொருத்தி இருக்கா, ஜப்பான் ஹோமாரே சாவா. அதே 1995-லதான் அவளுக்கும் முதல் உலகக் கோப்பை. 2015 வரை ஆறு ஆடியிருக்கா. கையில கோப்பையும் இருக்கு.

2011 ஜெர்மனி. அஞ்சு கோல் போட்டு அதிகக் கோலுக்கான விருது, சிறந்த ஆட்டக்காரி விருது, ரெண்டையும் ஒரே மிட்ஃபீல்டர் தூக்கிட்டுப் போனா. பைனல் ஃபிராங்க்ஃபர்ட்ல, எதிர்ல அமெரிக்கா. கூடுதல் நேரத்துல 2-1 பின்தங்கி இருக்காங்க, 117-ஆவது நிமிசம் கார்னர். மியாமா அடிக்கா. சாவா பெட்டிக்குள்ள நின்னு காத்திருக்கல. கிட்டத்துப் போஸ்ட்டை நோக்கி ஓடி, முதுகு கோலைப் பாத்த மாதிரி இருக்க, வலது காலோட வெளிப்பக்கத்தால லேசாத் தடவி விட்டா. 2-2. பெனால்டியில ஜப்பான் ஜெயிச்சிட்டு. அந்த ஒரு தடவலுக்கு எத்தனை ஆயிரம் தடவை கால் பழகியிருக்கணும்!

ஃபோர்மிகா 2016 ஒலிம்பிக்கோட ஓய்வுன்னு சொல்லிட்டு, 2018-ல திரும்ப வந்தா. அந்த இடத்துக்கு ஆள் வளக்காம விட்டது பிரேசில் செஞ்ச தப்பு. அதைப் போயி பாடமா வச்சா என்ன ஆகும்? 13 வயசுப் பிள்ளைய ஸ்டாப்பருக்கு (கோலுக்கு முன்னால நடுவுல நிக்குத தடுப்பாட்டக்காரிக்கு) முன்னால நிறுத்தி, "நீ இங்கனயே நில்லு, புடுங்கிக் குடு"ன்னு சொல்லுவோம். அந்தப் பிள்ள ரெண்டு வருசத்துல அஞ்சு மீட்டருக்குப் பக்கவாட்டுல தட்டி விட மட்டும் பழகியிருக்கும். முன்னால பாக்கவே தெரியாது. நம்ம பக்கத்துல இது நடந்துக்கிட்டேதான் இருக்கு.

வண்ணார்பேட்டை ஆறு

கோப்பை கணக்குக்கு வாங்க தம்பி. ஜப்பான்ல பெண்களுக்கு லீக் 1989-லயே வந்துட்டு. சாவா பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இருக்கும்போதே அதுல இறங்கிட்டா. பிரேசில்ல இப்ப நடக்குற தேசிய லீக் தொடங்குனது 2013-ல. அன்னைக்கு ஃபோர்மிகாவுக்கு வயசு 35! அஞ்சு உலகக் கோப்பை அளவுக்கு உழைச்சு முடிச்சபொறவுதான் ஊர்ல ஒழுங்கான லீக்கே வருது. நம்ம நாட்டுல இந்தியன் வுமன்ஸ் லீக் வந்தது 2016-17-ல. நம்ம நிலமை எந்த ஊருக்குக் கிட்ட இருக்கு, சொல்லுங்க. லீக் இல்லாத ஊர்ல ஒருத்தி எப்படித் தன்னைக் காப்பாத்தி வச்சிருந்தாங்கிறதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

இன்னொண்ணு. 2011-ல சாவா எங்க நின்னா? முன்னாலயா? பயிற்சியாளர் சசாகி 2008-லயே அவளைப் பின்னால இறக்கிட்டாரு. 2011-ல சகாகுச்சி கூட சேந்து ரெண்டு பேர் டிஃபென்சுக்கு முன்னால நின்னாங்க. நீங்க காட்டுத ஆளே நான் சொல்லுத இடத்துலதான் நின்னிருக்கா.

தாழையூத்து கேலரி

அதைத்தான் நானும் சொல்லுதேன், அண்ணாச்சி. 15 வயசுல ஜப்பான் அணிக்கு வந்தவ, கிட்டத்தட்ட 30 வயசு வரைக்கும் முன்னால ஆடி, ட்ரிப்ளிங் (பந்தை உருட்டிக்கிட்டு ஆளைத் தாண்டுதது), ஷாட், கடைசி பாஸ் எல்லாம் படிச்சுட்டுப் பின்னால இறங்குனா. அதனாலதான் பின்னால நின்ன ஆள் அஞ்சு கோல் போட முடிஞ்சது. முன்னால ஆடத் தெரிஞ்சவளைப் பின்னால இறக்கலாம். பின்னாலயே வளந்த பிள்ளைய முன்னால ஏத்த முடியாது. வரிசை முக்கியம்.

கிட்டத்துல பாக்கணும்னா 2025 ஜூலை 5, சியாங் மாய். தாய்லாந்தை 2-1-ன்னு ஜெயிச்சு இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனது. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அவ மிட்ஃபீல்டர். நம்ம ஃபார்வர்டுகளைப் பூட்டி வச்ச அன்னைக்கு மிட்ஃபீல்டு கோல் போட்டது, அதனாலதான் போனோம்.

அம்பை பி.டி. டீச்சர்

இரண்டு பேருமே பந்து காலுக்கு வந்த பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பந்து வரும்போது பிள்ளை பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாது. வாங்கியவுடன் வந்த வழியே திருப்பிக் கொடுத்துவிடும். ஃபோர்மிகா வழியோ சாவா வழியோ, இது சரியாகாமல் எதுவும் நடக்காது.

இதற்கு ஒரு பயிற்சி. செலவில்லாதது. நடுவில் ஒரு பிள்ளை. முன்னால் 12 மீட்டரில் பாஸ் கொடுப்பவர். பின்னால் 8 மீட்டரில் இன்னொருவர், கையில் விரல் காட்டுவார், ஒன்று முதல் ஐந்து வரை. பாஸ் கொடுப்பவர் பந்தை அடிக்கும் நேரத்தில்தான் விரலை மாற்ற வேண்டும். நடுப்பிள்ளை திரும்பிப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, பந்தைத் தூரக் காலால் வாங்கித் திரும்ப வேண்டும். 10 பந்து, ஒரு நிமிடம் ஓய்வு, மொத்தம் நான்கு சுற்று. வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

தவறுகள் எப்போதும் இந்த இடங்களில்தான் வரும். சீக்கிரமே பார்த்துவிடுவார்கள், பழைய எண்ணைச் சொல்வார்கள். சிலர் பந்து காலுக்கு வந்த நேரத்தில் திரும்புவார்கள், டச் போய்விடும். பாஸ் கொடுப்பவரிடம் பந்து போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பார்வை, அவர் அடித்ததும் இன்னொரு பார்வை, கடைசி நான்கைந்து மீட்டர் பந்தின் மேல் மட்டும் கண். அடுத்தது நிற்கும் விதம். இரண்டு பாதத்தையும் சேர்த்து, நெஞ்சைப் பந்துக்கு நேராக வைத்து நின்றால் திரும்பவே முடியாது. அரைக் கதவு திறந்த மாதிரி நிற்கச் சொல்லுங்கள். முன்காலால் வாங்கினால் பந்து காலுக்கடியில் மாட்டிக்கொள்ளும். தூரக் காலால் வாங்கி, போக வேண்டிய திசையில் ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும்.

நம் மைதானங்களில் பந்து காலுக்கு வருவதற்கு ஒரு முழம் முன்னால்தான் குதிக்கும். நின்று காத்திருந்தால் முட்டியில் படும். ஓர் எட்டு முன்னால் போய், முழங்காலை மடக்கி வாங்கச் சொன்னால் பாதிக் கோளாறு தீரும்.

தாழையூத்துத் தம்பி சொன்னதில், மிட்ஃபீல்டருக்கும் கோல் போடத் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேர்வு நடத்துகிறவர்கள் பத்து, பதினைந்து நிமிடம் ஆட விட்டுப் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குள் நல்ல இடத்தில் நின்று ஆட்டத்தைக் கெடாமல் வைத்திருக்கும் பிள்ளை கண்ணில் படாது. கோல் போட்ட பிள்ளையின் நம்பரைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

வண்ணார்பேட்டை ஆறு

டீச்சர், அதுக்காகப் பிள்ளைகள எல்லாம் கோலுக்கு அனுப்பிட்டா நடுவுல யாரு நிப்பா? நம்ம பக்கத்துப் பள்ளிக்கூட மேட்ச் எதையாவது பாருங்க. வெல்லத்துல ஈ மொய்ச்ச மாதிரி பந்தைச் சுத்தி ஆறு பிள்ள. பந்து வெளிய வந்துச்சுன்னா அங்க ஒருத்தரும் இல்ல.

நான் சொல்லிக் குடுக்கச் சொல்லுதது இதுதான். ஸ்டாப்பர்கள்ட்டருந்து எட்டுலருந்து பத்து மீட்டர் முன்னால நில்லு. பந்துக்கும் நம்ம கோலுக்கும் மனசுல ஒரு கோடு போடு, அந்தக் கோட்டை விட்டுப் போகாத. எதிராளிக்குப் பந்து போகுத நேரத்துலதான் நீயும் வெரசா ஓடணும். அவ வாங்குன பொறவு ஓடுனா ஏமாத்திட்டுப் போயிருவா. கடைசி ரெண்டு மீட்டர் பைய, சின்னச் சின்ன எட்டு. ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால, பக்கவாட்டுல நின்னு ஓரக்கோட்டுப் பக்கமா தள்ளு. காலை நீட்டாத. அவ டச் ஒரு எட்டைத் தாண்டிப் போன கணத்துல காலை வை. அதுவரைக்கும் பொறுமை. விழுந்து டேக்கிள் பண்ணுதது கடைசி வழி. செம்மண்ணுல விழுந்தா தொடை உரிஞ்சி ஒரு வாரம் ஆட முடியாது.

அடுத்து ரெண்டாவது பந்து. ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேலக்காத்து இருக்கே, அதுல கோல்கிக் அடிச்சா எதிர்காத்துல பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. அந்தரத்துல நின்னு கீழ விழும். காத்துக் கூடப் போற பக்கம்னா எதிர் கீப்பர் கைக்கே போயிரும். எதிர்காத்துல ஹெடிங்குக்கு எல்லாரும் எம்புவாங்க, மிட்ஃபீல்டர் எம்பக் கூடாது. அஞ்சாறு மீட்டர் பின்னால நின்னு, தலையில பட்டுத் தெறிக்கிற பந்தை எடுக்கணும். ஃபோர்மிகா ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, அவ இந்தப் பந்துலதான் பிழைச்சா.

தாழையூத்து கேலரி

எடுத்த பந்தை என்ன செய்யணும்னு சொல்லாம விட்டுட்டீய அண்ணாச்சி. எடுத்த உடனே முதல் பார்வை முன்னால இருக்கணும். பாஸ் போகாதுன்னா மட்டும்தான் பக்கத்துல. நீங்க பழக்குத பிள்ளைக்கு அந்த வரிசை தலைகீழா இருக்கு.

சாந்திநகர் பிசியோ

நிற்கும் இடத்தைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள். முழங்கால் போனால் எந்த இடத்திலும் நிற்க முடியாது, அதையும் கொஞ்சம் பேசுவோம்.

கால்பந்து ஆடும் பெண்களுக்கு முழங்காலின் முன் குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழிவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழியும். ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, அல்லது குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. மிட்ஃபீல்டர் ஒரு முழு ஆட்டத்தில் 10, 11 கிலோமீட்டர் ஓடுகிறார், அதில் நேராக ஓடுவதைவிடத் திரும்புவதும் நிற்பதும்தான் அதிகம். அலெக்ஸியா புட்டேயாஸ் 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின நாள், பயிற்சியில் இதையே கிழித்துக்கொண்டார். உலகத்திலேயே சிறந்த வசதிகள் இருந்தும் திரும்பக் களமிறங்கியது 2023 ஏப்ரல் கடைசியில். இங்கே ஆறு மாதத்தில் பிள்ளையை மேட்சுக்கு இறக்கிவிடுகிறார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் இறக்கவே கூடாது. அதன் பிறகும், இரண்டு தொடையின் பலமும் கிட்டத்தட்டச் சமமாக வந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே பார்க்க ஒரு வழி. பிள்ளையை ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முழங்கால், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா, உள்பக்கம் சாய்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு இடுப்புப் பலம் போதவில்லை.

தடுப்பதற்கு ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டங்கள். அடுத்த 10 நிமிடம் பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி வைப்பது), பக்க பிளாங்க், பின்தொடைக்கான நார்டிக், ஒற்றைக் கால் நிலை, ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), குதித்து இறங்குதல். கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் வெட்டித் திரும்புதலும். நார்டிக் என்பது முழங்காலிட்டு நிற்க, இன்னொருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய்வது. புதிதாகச் செய்பவருக்கு மூன்றிலிருந்து ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம், மறுநாள் நடக்க முடியாது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் இந்த வார்ம்-அப்பைச் சோதித்து 2008-ல் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்தால்தான் பலன். பிள்ளைகள் எப்படிக் குதிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் எப்படி இறங்குகிறார்கள் என்று பாருங்கள். சத்தம் கேட்டால் தப்பு. பூனை இறங்குவது மாதிரி இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். "இவளுக்கு ஸ்டாமினா இல்லை" என்று மிட்ஃபீல்டிலிருந்து எடுத்துவிடும் பிள்ளைகளுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை எடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, சோம்பல் இல்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். டீ, காப்பி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். அந்த டீயால்தான் பாதி மாத்திரை வீணாகிறது. அடுத்து, மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் "ஆடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பு பலவீனமாகும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஃபோர்மிகா 43 வயதில் டோக்கியோவில் ஆடினார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பிள்ளைக்கு இந்த 20 நிமிடத்தைக் கொடுங்கள்.

தாழையூத்து கேலரி

பிசியோ அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டாம். ஷூவையும் சேத்துக்கோங்க. காஞ்ச தரையில நீள ஸ்டட் (அடியில இருக்குத முளை) உள்ள ஷூ போட்டா ஸ்டட் மண்ணுல இறங்காது, குதிகால் வலிக்கும். மழை பெஞ்சு மறுநாள் பாதி காஞ்ச தரையில அதே ஸ்டட் மாட்டிக்கும். பாதம் நிக்கும், முட்டு திரும்பும். நம்ம செம்மண், சரளைத் தரைக்கு அடியில குட்டிக் குட்டியா நிறைய ரப்பர் ஸ்டட் இருக்கிற டர்ஃப் ஷூதான் லாயக்கு. கயத்தாறு பக்கத்துக் கரிசல்ல மழைக்காலத்துல எந்த ஷூவும் தாங்காது. அடியில மண்ணு அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். அன்னைக்கு ஆட்டத்தை நிறுத்திட்டு 11+ மட்டும் செய்யுங்க.

பந்துக் காத்தையும் பாருங்க. கால்பந்துச் சட்டம் சதுர அங்குலத்துக்கு 8.5-லருந்து 15.6 பவுண்டு வரை இடம் குடுக்குது. டயர் கடையில 12, 13-ன்னு அடிச்சுக் குடுத்துருதாங்க. நம்ம தரையில அது ரப்பர் பந்து மாதிரி குதிக்கும், பிள்ளைக்கு டச் பழகவே பழகாது. 9-ல வச்சுப் பாருங்க. 12 வயசுக்குள்ள உள்ளதுகளுக்கு நாலாம் நம்பர் பந்து.

வள்ளியூர் இடதுகால்

பிரேசில், ஜப்பான்னு போறதுக்கு முன்னால கடலூரைப் பாருங்க. இந்துமதி கதிரேசன். இந்திய அணி மிட்ஃபீல்டர், தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2018-ல கட்டாக்ல மணிப்பூரை 2-1-ன்னு தோக்கடிச்சுத் தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆன காலத்து ஆட்டக்காரங்க. 2018-19 இந்தியன் வுமன்ஸ் லீக்கை ஜெயிச்ச மதுரை சேது எஃப்.சி.-யிலயும் இருந்தாங்க. 2019 சாஃப் கோப்பை (தெற்காசிய நாடுகளுக்கானது) அரையிறுதியில பங்களாதேஷைப் 4-0-ன்னு அடிச்சதுல ரெண்டு கோல் இவங்களோடது. 2020 ஊரடங்குல சென்னையில காக்கிச்சட்டையோட ரோட்டுல நின்னு பணி பாத்தாங்க.

நம்ம பக்கத்துல ஒரு பிள்ளை 17 வயசுல பந்தை விடுறதுக்குக் காரணம் எந்த இடத்துல நிக்கணும்னு தெரியாம இல்ல. "இதால என்ன சோறு கிடைக்கும்"னு வீட்டுல கேக்கிற கேள்விதான். அதுக்குப் பதில் இந்துமதி. அதனால சர்டிபிகேட்டை ஒழுங்கா வாங்கி வைக்கச் சொல்லுங்க. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, ஆடுன போட்டியைப் பொறுத்துப் படிவம் மாறும். நாட்டுக்கு ஆடுனா 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடுனா 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையில ஆடுனா 3, தேசியப் பள்ளி விளையாட்டுல மாநிலத்துக்கு ஆடுனா 4. மெடல் வாங்கிட்டு வந்த வாரமே கையெழுத்து வாங்கிடணும். மூணு வருசம் கழிச்சுப் போனா கையெழுத்துப் போட வேண்டியவர் மாறியிருப்பார், ஆவணம் தேட முடியாது. பேர், இனிஷியல், பிறந்த தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஒரு புள்ளி மாறினாலும் திருப்பி அனுப்புவாங்க.

வண்ணார்பேட்டை ஆறு

இந்துமதியைச் சொன்னது நல்லது, எனக்கு மறுப்பே இல்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். வேலை கிடைச்ச பொறவு ஷிப்ட் பாத்துட்டு வந்து எத்தனை பேர் 30 வயசு வரை ஆடுதாங்க? வேலை பந்தைக் காப்பாத்தணும். வேலை கிடைச்சதும் பந்து நின்னு போச்சுன்னா அது பாதி வெற்றிதான். இங்கனதான் ஃபோர்மிகா மறுபடி வாரா.

வள்ளியூர் இடதுகால்

பாதி வெற்றின்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. ஒரு வீட்டுல முதல் சம்பளம் ஒரு பொம்பளப் பிள்ளை பந்தால கொண்டு வந்தான்னா, அந்தத் தெருவுல அடுத்த பத்துப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவாங்க. அது முழு வெற்றி.

அம்பை பி.டி. டீச்சர்

இதில் நான் வள்ளியூர் பக்கம். இப்போது ஒரு கேள்வி, இரண்டு பேரும் பதில் சொல்லுங்கள். 14 பிள்ளைகள், இரண்டு பந்து, மற்றப் பாதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதால் அரை மைதானம். சாயங்காலம் 70 நிமிடம். மிட்ஃபீல்டரை எப்படி வளர்ப்பீர்கள்?

வண்ணார்பேட்டை ஆறு

முதல் 20 நிமிசம் பிசியோ மேடம் சொன்ன வார்ம்-அப். அடுத்த 15 நிமிசம் டீச்சரோட விரல் பயிற்சி. ரெண்டு பந்து, ரெண்டு கூட்டம், ஏழேழு பேரு. மூணு பேர் ஆடும்போது நாலு பேர் நின்னு பாக்காம, அவுங்க பக்கத்துல ஒற்றைக் கால் நிலை செய்யட்டும். நடுவுல 5 நிமிசம் தண்ணி. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டுன அளவு. நீர்மோர் இருந்தா அதுவே போதும்.

மீதி 30 நிமிசம் ஏழுக்கு ஏழு. நீளம் 40, அகலம் 25 மீட்டர். நடுவுல குறுக்க 8 மீட்டருக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு அணியிலயும் ரெண்டு பேர் அந்தப் பட்டைக்குள்ளயே நிக்கணும், வெளிய வரக் கூடாது. பந்து பட்டைக்குள்ள ஒருத்தர் காலைத் தொடாமப் போன கோல் செல்லாது. இடம் பிடிச்சு நிக்கப் பழகுவாங்க.

தாழையூத்து கேலரி

பட்டை சரி, பூட்டு சரியில்ல. பட்டைக்குள்ள இருந்து முன்னால பாஸ் குடுத்தவ பாஸ் பின்னாலயே ஓடலாம்னு விடுங்க. அவ போன இடத்துக்கு இன்னொருத்தி இறங்கி வரணும். மூணு விநாடிக்குள்ள யாரும் இறங்கலைன்னா பந்து எதிரணிக்கு. பட்டையிலருந்து ஓடிப்போனவ கோல் போட்டா ரெண்டு கோல் கணக்கு. இடம் பிடிக்கவும் பழகும், இடத்தை விடவும் பழகும். சாவா கார்னருக்கு ஓடுனது அப்படித்தான்.

அம்பை பி.டி. டீச்சர்

முதல் 12 நிமிடம் அண்ணாச்சி விதி, பிறகு தம்பி விதி. 13 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை எந்த விதியிலும் ஒரே இடத்தில் நிரந்தரமாக நிறுத்த மாட்டேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பட்டைக்குள் ஆள் மாறும், ஸ்டாப்பரும் வருவார், கீப்பரும் வருவார். அண்ணாச்சி இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

வண்ணார்பேட்டை ஆறு

கீப்பரைக் கொண்டு வரதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன் டீச்சர். மூணு நிமிசம் காணாது, அஞ்சு நிமிசமாவது நிக்க விடுங்க. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவாள்னு தெரியவே ரெண்டு நிமிசம் வேணும்.

தாழையூத்து கேலரி

பட்டைக்குக் கோடு போட நீத்துச் சுண்ணாம்பு வேண்டாம், விழுந்தா கண்ணுல படும். கோலப்பொடி போடுங்க. இப்ப அடிக்கிற காத்துல தூவுனா அஞ்சு நிமிசம் நிக்காது. தண்ணியில கெட்டியாக் கரைச்சு, மூடியில ஓட்டை போட்ட பாட்டிலால ஊத்திட்டுப் போங்க. காயக் கால் மணி நேரம் ஆகும், அதனால வார்ம்-அப்புக்கு முன்னாலயே போட்டுருங்க.